அவருக்குத்தான் பிரஷர்

ராகவேந்திரன் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கூடத்துப் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து இடக்கையை நீட்டினாரென்றால், அந்த வீட்டில் எல்லாம் நின்றுவிட வேண்டும். அடுப்பில் குக்கர் இருந்தால் அணைக்க வேண்டும். தொலைக்காட்சியில் யார் பாடிக்கொண்டிருந்தாலும் பாதியில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வேலைக்கு வரும் லதா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சமையலறைக்குள் ஒதுங்கிவிட வேண்டும். மனைவி சௌந்தரம் வந்து, அவருடைய புஜத்தில் நீலப் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்திவிட்டு, அது உப்பித் தளரும்வரை மூச்சைக்கூட மெல்ல விடுவாள். பவானிபூரின் அந்தப் பழைய மூன்றுமாடிக் கட்டடத்தில் பல ஆண்டுகளாகப் பொழுது இப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது.

எண்ணைப் படிப்பது மட்டும் அவருடைய உரிமை. ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் தலைமைப் பதவி வகித்து ஓய்வு பெற்றவர் அவர். பிறர் வாயால் எண் கேட்டுப் பழக்கமில்லை. கருவியின் முகம் எப்போதும் அவர் பக்கமே திரும்பியிருக்கும். அவர் படித்துச் சொல்வது அன்றைய அரசாணை. நூற்று முப்பதுக்குள் என்றால் வீட்டில் பேசலாம், சிரிக்கலாம். நூற்றைம்பது என்றால் கெட்ட செய்தி எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. அதற்கும் மேலே என்றால், மகளின் பெயரை எடுக்கக் கூடாது.

அந்த மகளின் பெயர் மாதங்கி. பாலிகஞ்சில் பள்ளி ஆசிரியை. உடன் பணிபுரிந்த அனிர்பனைத் திருமணம் செய்துகொண்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திருமணத்தன்று காலையில் அப்பாவின் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு என்று அறிவிக்கப்பட்டது. எடுத்து வைத்திருந்த பட்டுப் புடவையைச் சௌந்தரம் மீண்டும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பெற்ற மகளின் கழுத்தில் மாலை விழுவதை அவள் பார்க்கவில்லை. ராகவேந்திரனோ பவானிபூரிலேயே பிறந்தவர். வங்காளிகளோடு வங்காளியாகக் கால்பந்துச் சண்டை போடுபவர். குளிர்காலம் வந்தால் புது வெல்லத்துச் சந்தேஷ் இனிப்பு இல்லாமல் இருக்கமாட்டார். ஆனால் மருமகன் மட்டும் வங்காளியாக இருக்கக் கூடாது என்றார். அன்று முதல் மாதங்கி இந்த வீட்டின் மாடிப்படி ஏறியதில்லை. அம்மாவுக்கு ஏதேனும் கொண்டுவந்தால் கீழே இரும்புக் கேட்டருகே கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

இங்கே ஒரு சிறு கதை சொல்லிவிடுகிறேன். ஒரு காட்டில் கிழட்டு ஆண் யானை ஒன்று இருந்தது. ஒருமுறை அதன் பாதத்தில் உண்மையாகவே முள் தைத்தது. அது பிளிறியவுடன் மந்தை முழுவதும் நின்றது. துணை யானை முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டு, தும்பிக்கையால் தடவித் தடவி முள்ளைத் தேடி எடுத்தது. முள் போய்விட்டது. ஆனால் தான் பிளிறினால் மந்தை நிற்கிறது என்பதை அந்த யானை தெரிந்துகொண்டுவிட்டது. மறுநாள் காலையிலும் பிளிறியது.

மீதிக் கதை பிறகு. இப்போது பிரம்பு நாற்காலிக்கு வருவோம்.

பட்டையைச் சுற்றும் நேரத்தில் சௌந்தரத்தின் கைப்பேசி அடித்தது. பார்வை மங்கலானதிலிருந்து அவள் பேசுவதெல்லாம் ஒலிபெருக்கியில்தான். மாதங்கியின் குரல் கூடம் முழுவதும் கேட்டது.

"அம்மா, பதினோரு மணிக்குக் கண் டாக்டர். ரெண்டு தடவை தட்டிக் கழிச்சாச்சு, இன்னிக்கு விடமாட்டேன். அப்புறம், இன்னிக்கு மேலே வரேன்மா."

"மேலயா?"

"தேவிப்ரியாவுக்கு ஞாயித்துக்கிழமை முகே பாத். முதல் சோறு தாய்மாமன் ஊட்டணும். அண்ணாவுக்குப் பெங்களூர்லேர்ந்து லீவு கிடைக்கலை. அப்பா ஊட்டட்டும்னு அனிர்பனோட அம்மா சொல்லிட்டா. அதை நேர்ல வந்து கூப்பிட வேண்டாமா?"

சௌந்தரத்தின் முகத்தில் பரவிய ஒளியை ராகவேந்திரன் பார்த்தார். பேத்தி தேவிப்ரியாவை அவர் நேரில் கண்டதில்லை. ஒரே ஒருமுறை, மனைவி உறங்கும்போது, அவளுடைய கைப்பேசியில் படத்தைப் பார்த்திருக்கிறார். தம் அம்மாவின் நெற்றி அப்படியே இருந்தது. அவருக்கு அந்தக் குழந்தையிடம் பயம். அதைத் தூக்கினால் இரண்டு வருடக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்ற பயம்.

"பட்டையைச் சுத்து" என்றார்.

பட்டை உப்பியது, தளர்ந்தது. கருவியில் தெளிவாக நூற்று இருபத்தெட்டு, கீழே எழுபத்தெட்டு.

"நூத்தியெழுபது" என்றார் ராகவேந்திரன்.

"கீழே?"

"நூறு."

சௌந்தரத்தின் முகத்திலிருந்த ஒளி அணைந்தது. முன்னொரு காலத்தில் அவருக்கு அவ்வளவு இருந்தது உண்மை. மாத்திரை பிரஷரை இறக்கிவிட்டது. அதனால் கிடைத்த அதிகாரத்தை இறக்க அவருக்கு மனம் வரவில்லை. முதல் முறை எண்ணை உயர்த்திச் சொன்னபோது நாக்கு கொஞ்சம் தடுமாறியது. இப்போதெல்லாம் தடுமாறுவதில்லை.

"கேட்டியா மாதங்கி?" சௌந்தரம் கைப்பேசியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அப்பாவுக்கு நூத்தியெழுபதாம். நீ மேலே வராதேடி. கண்ணை அடுத்த வாரம் பார்த்துக்கலாம். இவரைத் தனியா விட்டுட்டு எப்படி வரது?"

மாதங்கி விடுவதாக இல்லை. "அப்படின்னா அப்பாவையும் கூட்டிண்டு கீழே வா. அப்பா பார்த்துக்கற லாஹிரி டாக்டரும் அதே கட்டடத்துலதான் உட்கார்றார். ரெண்டு பேரையும் காட்டிடலாம். வரலேன்னா நான் மேலே வந்து கூட்டிண்டு போவேன். எது சௌகரியம்னு அப்பாவையே கேளு."

ராகவேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் மேலே வருவதா, தாம் கீழே இறங்குவதா? "சட்டையை எடு" என்றார்.

டாக்சியில் அவர் ஓட்டுநருக்கு அருகில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் தாயும் மகளும்.

"உடம்பு எப்படி இருக்குப்பா?"

"நூத்தியெழுபது."

"நான் உடம்பைக் கேட்டேன்" என்றாள் மாதங்கி.

கண் மருத்துவர் டாக்டர் கீதாஞ்சலி இளம்பெண். சௌந்தரத்தின் கண்களில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கச் செய்து, பிறகு கருவியின் வழியே உள்ளே நோக்கினார். ஒரு கண்ணைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். மீண்டும் முதல் கண்ணுக்கு வந்தார். அவருடைய நாற்காலி சற்று முன்னே நகர்ந்தது.

"மாஷிமா, உங்களுக்கு பிரஷர் எவ்வளவு நாளாக இருக்கிறது?" என்று, அவளைப் பெரியம்மா முறை வைத்து அழைத்து வங்காளத்தில் கேட்டார்.

சௌந்தரம் சிரித்துவிட்டாள். "ஆமார் நா, ஓனார்." எனக்கில்லை, அவருக்கு. கணவர் இருக்கும் திசையை ஏதோ பெருமையைக் காட்டுவதுபோலக் கையால் காட்டினாள். "எங்காத்துல அவருக்குத்தான் பிரஷர். தினம் நான்தானே பார்க்கறேன்."

"உங்களுக்கு யார் பார்க்கிறார்கள்?"

அந்தக் கேள்வி சௌந்தரத்துக்கு விளங்கவில்லை. மகளின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மாதங்கி அப்பாவைப் பார்த்தாள்.

ராகவேந்திரனுக்கு நினைவு வந்தது. மாதங்கி தங்களோடு இருந்த நாட்களில் ஒரு காலையில், "அம்மாவுக்கும் ஒரு தடவை பாருங்களேன்" என்று கேட்டாள். "இது என்ன விளையாட்டுச் சாமானா? பாட்டரி வீணாயிடும்" என்று அவர் பதில் சொன்னார். சொல்லிவிட்டு மறந்தும் போனார். மகள் மறக்கவில்லை என்பது அவள் பார்வையிலிருந்து தெரிந்தது.

"கண்ணாடியை மாற்றிப் பயனில்லை" என்றார் டாக்டர் கீதாஞ்சலி. "உள்ளே ரத்தக் குழாய்கள் சுருங்கிப் போயிருக்கின்றன. இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருக்கிறது. இது ஒரு நாளில் வந்ததில்லை. உடனே லாஹிரியிடம் போங்கள். நான் அவரிடம் பேசுகிறேன்."

யானைக் கதையின் மீதி இதுதான். கிழட்டு யானை காலை தோறும் பிளிறியது. துணை யானை காலை தோறும் மண்டியிட்டு, இல்லாத முள்ளைத் தேடியது. ஒரு நாள் குளக்கரையில் நின்ற கொக்கு ஒன்று கேட்டது: "பாதத்தில் ஒன்றுமே இல்லையே. முள்செடி மேலேயே மண்டியிடுகிறாளே, அவளுடைய முழங்காலை யாராவது பார்த்தீர்களா?"

டாக்டர் லாஹிரி அவசரப்படவில்லை. சௌந்தரத்தை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னார். கால்களைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் நெஞ்சின் உயரத்துக்கு வைத்து, பேசாமல் சற்று நேரம் இருக்கச் செய்தார். பிறகு அளந்தார். மறு கையில் அளந்தார். இடைவெளி விட்டு மீண்டும் ஒருமுறை.

"நூற்று எண்பத்தாறு. கீழே நூற்றெட்டு."

ராகவேந்திரன் தம் வாழ்நாளில் எத்தனையோ பெரிய எண்களைப் பார்த்தவர். இந்த எண்ணை மட்டும் இரண்டாம் முறை பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டர்" என்றாள் சௌந்தரம். "கார்த்தால பிடரி கொஞ்சம் வலிக்கும். ஒரு தலைவலி மாத்திரை போட்டுண்டா சரியாப் போயிடும்."

"தினமுமா?"

"தினமும்னா… அநேகமா தினமும்."

லாஹிரி பேனாவை மேசைமேல் வைத்தார். "முதலில் அதை நிறுத்துங்கள். சில வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாஷிமா, பிரஷர் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் பண்ணாது. ஒன்றும் பண்ணவில்லையே என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. உப்பெல்லாம் எப்படி?"

"எங்காத்துல உப்பே கிடையாதே! அவருக்காகக் குழம்பு, ரசம், கறி எல்லாமே உப்பில்லாமத்தான்."

"நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள்?"

சௌந்தரம் குற்றம் செய்த பிள்ளைபோலத் தயங்கினாள். "எனக்கு அது தொண்டையில இறங்கறதில்லை. ஒருத்திக்காகத் தனியா எதுக்குச் சமைக்கணும்னு, மோர் சாதத்துக்கு ஊறுகாயும் மோர் மிளகாயும், இல்லாட்டா ரெண்டு அப்பளமும் வெச்சுண்டுடுவேன். ரெண்டு வேளையும்."

"அம்மா!" என்றாள் மாதங்கி.

"எனக்குத்தான் பிரஷர் இல்லையேடி."

மருத்துவர் மேசைமேல் வைத்த பேனாவை மீண்டும் எடுத்தார்.

லாஹிரி மாத்திரை எழுதினார். எண்ணை ஒரே நாளில் இறக்கிவிடக் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். நாளை மறுநாள் மீண்டும் வர வேண்டும். நெஞ்சு வலியோ, மூச்சு முட்டலோ, கை கால் தளர்வோ, பேச்சுக் குழறலோ கண்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார். காலையும் மாலையும் வீட்டில் அளக்கச் சொன்னார். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். "உடலைத் திறக்காமல் ரத்தக் குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் கண் ஒன்றுதான். கண்ணில் இப்படியிருந்தால் சிறுநீரகத்தையும் பார்த்தே ஆக வேண்டும். முடிவு திங்கட்கிழமை வரும்."

எழுந்திருக்கச் சொன்னபோது சௌந்தரம் எழவில்லை.

"என்னை விடுங்கோ. அவரைப் பாருங்கோ முதல்ல. கார்த்தால நூத்தியெழுபது, கீழே நூறு."

"வேண்டாம், எனக்கு ஒண்ணுமில்லை" என்றார் ராகவேந்திரன். லாஹிரி அதற்குள் பட்டையைச் சுற்றிவிட்டார். கருவி உப்பியது, தளர்ந்தது. அதன் முகம் இம்முறை மருத்துவர் பக்கம் இருந்தது.

"நூற்று முப்பது, எண்பது. முதல் தரம்!" லாஹிரி அவர் தோளைத் தட்டினார். "போன கோடையிலேயே சொன்னேனே, மேஷோமொஷாய். எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையை மட்டும் விடாதீர்கள், தினமும் அளந்து வீட்டைப் பயமுறுத்த வேண்டாம், வாரம் ஒருமுறை போதும் என்று. சொன்னேனா இல்லையா?"

மருந்து விட்ட கண்களோடு சௌந்தரம் கணவர் இருந்த பக்கம் திரும்பினாள். அகன்ற கருவிழிகள், அவற்றில் எதுவும் தெளிவாக விழுந்திருக்காது. ஆயினும் அந்தப் பார்வை தம்மை முழுவதும் கண்டுவிட்டதுபோல் அவருக்கு இருந்தது.

"கார்த்தால ஏறியிருந்துது டாக்டர்" என்றாள் அவள் மெல்ல. "இப்போ இறங்கியிருக்கும்."

"இருக்கலாம். சிலருக்குக் காலையில் கூடுதலாக இருக்கும்" என்றார் லாஹிரி.

தப்பிக்க ஒரு கதவு. மனைவி திறந்துவிட்டாள், மருத்துவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ராகவேந்திரன் தலையசைத்து அதன் வழியே வெளியே வந்துவிட்டார். வந்த பிறகு, பொய் சொன்ன காலையைவிட இந்தத் தலையசைப்பு கனமாக இருந்தது.

திரும்பும்போது டாக்சியில் அவர் முன்னால் ஏறவில்லை. சௌந்தரத்தை நடுவில் விட்டு, அவளுடைய மறுபக்கம் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. தெருமுனைக் கடை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஏதோ வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். என்னவென்று யாரும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் மாதங்கி அம்மாவை இறக்கிவிட்டு, வழக்கம்போல் இரும்புக் கேட்டருகே நின்றுவிட்டாள்.

"மாத்திரை இந்தப் பையில இருக்கு. படி ஏறறச்சே பார்த்து. கண் இன்னும் கூசும். நான் வரேன்மா."

"மேலே வா" என்றார் ராகவேந்திரன்.

மாதங்கி நம்பாமல் நிமிர்ந்தாள். அவள் உதட்டில் சிரிப்பு ஒன்று வந்தது, அதில் இனிப்பில்லை. "வேண்டாம்ப்பா. உங்களுக்கு ஏறிடும்."

"ஏறாது."

"நூத்தியெழுபதுன்னு நீங்கதானே…"

"நூத்தி இருபத்தெட்டு" என்றார் அவர். தெருவில் போன ரிக்‌ஷாவின் மணி அடங்கும்வரை காத்திருந்து, மனைவியின் பக்கம் திரும்பி, மீண்டும் தெளிவாகச் சொன்னார்: "கார்த்தால நூத்தி இருபத்தெட்டுதான் இருந்தது, சௌந்தரம். கீழே எழுபத்தெட்டு. நான் மாத்திச் சொன்னேன். இன்னிக்கு மட்டும் இல்லை."

சௌந்தரம் கை நீட்டி மாடிப்படியின் கைப்பிடியைத் தேடினாள். அவர் தம் கையைக் கொடுத்தார். அவள் அதை விலக்கி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மேலே ஏறினார்கள். ராகவேந்திரன் மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார். அப்படித்தான் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டு மகள் மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

கூடத்தில் அவர் பிரம்பு நாற்காலியைத் துண்டால் தட்டினார். "இதுல உட்காரு."

"அது உங்க நாற்காலி."

"உட்காரு."

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். லாஹிரி சொன்னபடி அவள் கால்களைத் தரையில் பொருத்தி வைத்து, முழங்கைக்கு அடியில் தலையணை கொடுத்து, அவள் இளைப்பாறும்வரை எதிரே நின்றார். பிறகு கருவியை எடுத்து, அதன் பழைய பாட்டரிகளைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து புதியவற்றை எடுத்துப் போட்டார். ஒன்று கைநழுவி உருண்டது. குனிந்து எடுத்தார்.

அந்த ஓசையிலேயே சௌந்தரத்துக்குப் புரிந்துவிட்டது. "பாட்டரி வீணாயிடுமே" என்றாள்.

குரல் உயரவில்லை. அவர் தலை தாழ்ந்தது. அவள் முன்னால் தரையில் மண்டியிட்டு, நீலப் பட்டையை அவள் புஜத்தில் சுற்றினார். எத்தனையோ காலைகள் அவள் தமக்குச் சுற்றுவதைப் பார்த்தவர்தாம்; ஆனால் எந்த முனை மேலே வர வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறைதான் சரியாக அமைந்தது.

"ஞாயித்துக்கிழமை நான் வரேன், மாதங்கி" என்றார் நிமிராமலே. "கூப்பிட்டா."

மாதங்கி கைப்பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழைப்பிதழ் உள்ளேதான் இருந்தது. "அம்மா வரலாமான்னு மொதல்ல டாக்டர் சொல்லட்டும்" என்றாள். "அப்புறம் பார்க்கலாம்."

அவர் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனார்.

"ஏன்னா" என்றாள் சௌந்தரம். கறுப்புக் கண்ணாடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இவ கல்யாணத்தன்னிக்குச் சொன்னது?"

விரல் நின்றது. அளக்கும்போது பேசக் கூடாது என்று சொல்லிவிடலாம், அது உண்மையும்கூட. அந்தக் கதவும் திறந்துதான் இருந்தது. ராகவேந்திரன் மகளைப் பார்த்தார். அவள் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் அவரை விட்டு விலகவில்லை.

"அன்னிக்கும் இல்லை" என்றார். "அன்னிக்கு… சௌந்தரம், நான் ஒண்ணு சொல்றேன்…"

"பேசாதேங்கோ" என்றாள் அவள். "இப்போ எனக்குன்னா அளக்கறேள்."

அவர் வாயை மூடிக்கொண்டார். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லதா, கூடம் அமைதியானதை உணர்ந்து குழாயை நிறுத்தினாள். வீடு முழுவதும் ஒரே ஒருத்திக்காக அடங்கியது. அவர் பொத்தானை அழுத்தினார். பட்டை உப்பத் தொடங்கியது.

பழக்க தோஷத்தில் கருவியின் முகம் அவர் பக்கமே இருந்தது. எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. சௌந்தரம் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், உதடு மட்டும் அசையச் சொன்னாள்.

"நம்பரை மாதங்கி படிக்கட்டும்."

ராகவேந்திரன் இரண்டு கைகளாலும் கருவியைப் பிடித்து, மெதுவாக மகளின் பக்கம் திருப்பி வைத்தார்.